இரத்தினக் குழிகளும் பாதுகாப்புச் சட்டமும்

கொழும்புச் செட்டியார் தெருவிலே கண்ணாடிப் பேழைக்குள் ஒளிரும் நீலக்கல்லைக் கண்டு வியப்போர் பலர். அது வெளிவந்த குழியை எண்ணுவோர் சிலர். நம் நாட்டின் நிலத்தடிச் சுரங்கத்தொழிலிற் பெயர் பெற்றவை காரீயமும் இரத்தினக்கல்லுமாம். முதலாம் உலகப் போர்க்காலமாகிய 1916 இல் காரீய ஏற்றுமதி 33,000 தொன்னைத் தாண்டியது. அதற்கு முன்பே, 1896 இல், சுரங்கங்கள், இயந்திரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் இங்கு இயற்றப்பட்டது. பெண்கள் நிலத்தடியில் வேலைசெய்தலை 1937 ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியது. போகலை போன்ற பெருஞ்சுரங்கத்திற்கு முதலாளி உண்டு. சம்பளப் பதிவேடு உண்டு. பரிசோதகர் சென்று நிற்பதற்கு ஒரு வாயிலும் உண்டு.

இரத்தினபுரிப் பகுதியின் குழிகளோ வயலிலும் ஆற்றோரத்திலும் சிதறிக் கிடப்பவை. கல் செறிந்த பரற்படையை அங்குள்ளோர் ‘இல்லம்’ என்பர். அதனை அடையும்வரை செங்குத்தாகத் தோண்டி, மரச்சட்டங்களை அடுக்கி, அவற்றின் பின்னே ‘கெக்கில்ல’ என்னும் பன்னத்தழையைச் செறிப்பர். தழை நீரைக் கசியவிட்டு மண்ணைத் தாங்கும். ஏட்டுக்கல்வி இல்லாதார் கண்ட இம்முறையை எந்தப் பொறியியலாளரும் இகழார். ஆயினும் அடியிலிருந்து பக்கவாட்டிற் குடையுமிடத்தே இடர் மிகும்.

காற்றை அறிதற்கு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்தல் பழைய வழக்கம். காற்றிலே நூற்றுக்கு 21 பங்காகவுள்ள ஒட்சிசன் ஏறத்தாழ 16 ஆகக் குறையின் சுடர் அணையும். தோண்டுவோர் மேலேறித் தப்புவர். நீரிறைக்க எண்ணெய் இயந்திரம் வந்தபின் இவ்வெச்சரிக்கை போதாதாயிற்று. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது, சிறிதளவிலேயே கொல்லவல்லது. அவ்வளவிற் சுடரை அது அணைப்பதில்லை. விளக்கு எரிந்துகொண்டிருக்க மனிதன் மயங்கி வீழ்வான். அவனைத் தூக்க இறங்குபவனும் வீழ்வான்.

இயந்திரத்தை ஏன் குழிக்குள் இறக்குகின்றனர்? அறியாமை மட்டும் காரணமன்று. மேலிருந்து உறிஞ்சும் பம்பி, வளிமண்டல அழுக்கத்தின் எல்லையாகிய பத்து மீற்றரைத் தாண்டி நீரை எடுக்கமாட்டாது. நடைமுறையில் ஏழெட்டு மீற்றரே. குழி அதனினும் ஆழமாயின் பம்பியும் கீழே சென்றேயாதல் வேண்டும். எட்டாம் வகுப்புப் பௌதிகமே இங்கு உயிரோடு விளையாடுகின்றது.

1971 இல் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனமும், 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையும் அமைந்தன. அனுமதிப்பத்திரமின்றி அகழ்தல் குற்றம். குழியை மூடுதற்குப் பிணைப்பணமும் பெறப்படுகின்றது. ஆனால் அனுமதி பெறாத குழியிற் பரிசோதகர் கால் படுவதில்லை. மற்றொரு சிக்கலும் உண்டு. நிலத்துக்குரியவர், பம்பிக்காரர், தோண்டுவோர் ஆகியோர் கிடைத்த கல்லின் விலையைப் பங்கிடுவதே பெருவழக்கு. 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டமோ கூலிக்கு அமர்த்துபவரை முன்வைத்து எழுந்தது. மண் சரிந்து இறந்தவன் தொழிலாளியா, பங்காளியா? இவ்வினாவுக்கு விடை தேடுவதற்குள் அவன் குடும்பம் அலைந்துவிடும்.

இழப்பிற்குப் பொறுப்பாளி உண்டெனச் சட்டம் துணிந்தால் யாது விளையும் என்பதற்குக் கோலார்ப் பொற்சுரங்கம் சான்று. தமிழர் பெருந்தொகையாய் உழைத்த அவ்விடத்தில், பாறைத்தூசியால் நுரையீரல் இறுகும் சிலிக்கோசிசு நோய்க்கு நட்டஈடு வழங்க மைசூர் அரசு 1940 இல் விதி செய்தது. அடுத்த ஆண்டுகளிற் பரிசோதிக்கப்பட்ட ஏழாயிரத்துக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேலானோர் நோயுற்றிருந்தமை தெரியவந்தது. அதுவரை அவர்கள் வெறும் இருமற்காரர்.

நம் குழிகளுக்கு வேண்டுவது நீண்ட சட்டமன்று. ஆழ்ந்த குழிக்கு மின்சாரத்தால் இயங்கும் நீர்மூழ்கிப் பம்பி, அல்லது இயந்திரத்தை மேலே நிறுத்தி இடையிடையே தொட்டி அமைத்துப் படிப்படியாக இறைத்தல்: இவற்றுள் ஒன்று அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாதல் தகும். பிணைப்பணத்தின் ஒரு கூறு நிலத்தை நிரப்புதற்கு மட்டுமன்றி இதற்கும் கட்டுண்டதாயின், அச்செலவு கல்லின் பங்கைப் பெறுவோர் அனைவர் மீதும் அவரவர் பங்கின்படி விழும்.