பூட்டுமதகில் காத்துநின்ற கலங்கள்

மாலுமிகள் தம் பணிக்காலத்தை நினைந்து கூறும் உரைகளில் புயலும் பாறையும் பெறும் இடத்திற்குக் குறையாத இடத்தைப் பெறுவது காத்திருப்பு. கால்வாயின் வாயிலிலும் துறைமுகத்தின் நுழைவிலும் கலம் நாட்கணக்கில் நின்றுவிட்ட நிகழ்ச்சிகளைப் பல்லாண்டுகள் கழிந்த பின்னும் அவர்கள் எடுத்துரைப்பர். இவ்வுரைகளைப் பொழுதுபோக்குக் கதைகள் எனத் தள்ளுதல் தகாது. இவை வாய்மொழிச் சான்றுகள். ஆயினும் அளந்தறிந்த பின்னரே கொள்ளத்தக்கவை. அங்ஙனம் அளந்தறியும் முறை யாது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

முதற்கண் சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். மட்டம் வேறுபட்ட இரு நீர்ப்பரப்புகளுக்கிடையே கலத்தை ஏற்றவும் இறக்கவும் அமைந்த, இருமுனையிலும் கதவுடைய நீர்த்தொட்டியை ஆங்கிலேயர் 'லாக்' என வழங்குவர். தமிழில் மதகு, மடை, தூம்பு, கலிங்கு முதலிய சொற்கள் உள. அவை நீரை விடுத்தலையும் தடுத்தலையும் குறிப்பனவேயன்றிக் கலத்தை உயர்த்துதலைக் குறிப்பன அல்ல. எனவே 'பூட்டுமதகு' என்னும் தொடரை ஈண்டு ஆள்கின்றோம். சென்னை, தூத்துக்குடித் துறைமுகங்களில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் சிறிதாதலின் ஆண்டுப் பூட்டுமதகு வேண்டப்படவில்லை. ஊக்ளி ஆற்றின் ஓதமோ பெரிது. ஆதலின் கொல்கத்தாவிலும் ஹால்தியாவிலும் கலங்கள் பூட்டுமதகின் வழியாகவே உள்துறையை அடைகின்றன.

பூட்டுமதகின் இயக்கம் எளியது. கலம் தாழ்ந்த தொட்டியினுள் நுழைந்ததும் பின்கதவு அடைக்கப்படும். மேல்மட்டத்து நீர் அடிக்குழாய்களின் வழியே தன் எடையாலேயே இறங்கித் தொட்டியை நிரப்பும். கலம் நீரோடு உயரும். இருபுறத்து மட்டமும் ஒத்தபின் முன்கதவு திறக்கும். 1914 ஆகஸ்டு 15-இல் திறக்கப்பெற்ற பனாமாக் கால்வாயில் கலங்கள் மும்முறை ஏறி, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 26 மீட்டர் உயரத்திலுள்ள காதுன் ஏரியைக் கடந்து, மும்முறை இறங்குகின்றன. பழைய தொட்டிகளின் வழியே ஒரு கலம் கடக்க ஏறத்தாழ 2 இலட்சம் கன மீட்டர் நன்னீர் கடலிற் கலந்துவிடும். காலத்தாழ்வுகளின் காரணத்தை அறிய விழைவார் இவ்வளவையை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

காலத்தாழ்வின் காரணங்களை நான்காகப் பகுக்கலாம். அவை நீர், வானும் நிலமும், கட்டடமும் பொறியும், மக்கள் என்பன.

நீர்க்குறைவுக்குப் பனாமாவே சிறந்த சான்று. 2023-இல் எல் நினோவை ஒட்டி மழை பொய்த்தமையால் காதுன் ஏரி தாழ்ந்தது. நாள்தோறும் 36 கலங்கள் வரை கடந்த வழியில் ஆண்டின் இறுதியில் 22 கலங்களே விடப்பட்டன. ஆகஸ்டில் 160-க்கும் மேற்பட்ட கலங்கள் இருகரைக் கடலிலும் காத்து நின்றன. நவம்பரில் முன்னுரிமை இடம் ஒன்று ஏறத்தாழ 40 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. ஓதத் துறைமுகங்களில் இக்குறை வேறு வடிவில் தோன்றும். ஆண்டுப் பெருங்கலங்கள் உயர்நீர் வேளையிலேயே நுழைதல் கூடும். அவ்வேளையைத் தவறவிட்ட கலம் அடுத்த உயர்நீருக்காக ஏறத்தாழ 12 மணி நேரம் நிற்க வேண்டும். சிற்றோத நாட்கள் தொடங்கிவிடின், மிக ஆழ்ந்து மிதக்கும் கலம் அடுத்த பேரோதம் வரையும் நிற்க நேரும்.

வானும் நிலமும் செய்யும் தடைகள் இரண்டாவன. பனாமாவின் குலெப்ரா வெட்டில் நேர்ந்த நிலச்சரிவுகளால் 1915 செப்டம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை அக்கால்வாய் மூடப்பட்டிருந்தது. வட அமெரிக்காவின் செயின்ட் லாரன்ஸ் நீர்வழி ஆண்டுதோறும் குளிர்காலத்தில் பனிக்கட்டியால் மூடப்படுகின்றது.

மூன்றாவது, கட்டடமும் பொறியும். அந்நீர்வழியைச் சார்ந்த வெல்லண்ட் கால்வாய் எட்டுப் பூட்டுமதகுகளால் கலங்களை ஏறத்தாழ 100 மீட்டர் உயர்த்துவது. 1985 அக்டோபர் 14-இல் அதன் 7-ஆம் பூட்டுமதகின் சுவர் ஒருபகுதி இடிந்து விழ, உள்ளிருந்த கலம் அகப்பட்டுக்கொண்டது. நவம்பர் 7 வரை வழி அடைபட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட கலங்கள் தேங்கின. இதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் வேலிபீல்டு என்னுமிடத்துத் தூக்குபாலம் பழுதுற்று நீர்வழியை இரு வாரங்களுக்கு மேல் மறித்தது. செருமனியின் கீல் கால்வாயில் 2013 மார்ச்சில் புரூன்சுபூட்டல் பெருமதகுகள் பழுதுற்றமையால் பெருங்கலங்கள் டென்மார்க்கைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது.

நான்காவது, மக்கள். 1989 டிசம்பரில் அமெரிக்கப் படையெடுப்பின்போது பனாமாக் கால்வாய் சிறிது காலம் மூடப்பட்டது. 2023 அக்டோபரில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் செயின்ட் லாரன்ஸ் நீர்வழி ஏறத்தாழ ஒரு வாரம் நின்றது.

இனி, நினைவுரைகளை இப்பகுப்போடு வைத்து நோக்குவோம். மேல்தளத்தில் நிற்கும் மாலுமி காண்பது கதவு ஒன்றே. அது திறவாமைக்குக் காரணம் தொலைவிலுள்ள மலையில் மழை பெய்யாமையாகவும், பல கல் அப்பாலுள்ள பாலத்தின் பழுதாகவும் இருக்கலாம். ஆதலின் 'மதகு திறக்கவில்லை' என்னும் கூற்று காத்திருந்த இடத்திற்குச் சான்றாகுமேயன்றிக் காரணத்திற்குச் சான்றாகாது. இஃது அளவையின் முதற்படி.

இரண்டாம் படி இடத்தை நிலப்படத்தோடு ஒப்பிடுதல். சூயசுக் கால்வாயில் பூட்டுமதகே இல்லை. 1967-இல் மூண்ட போரால் 14 கலங்கள் அதன் பெரிய கசப்பேரியில் அகப்பட்டு, 1975 வரை விடுதலை பெறாது நின்றன. அங்குத் தடை போரே, மதகு அன்று. எனவே சூயசில் மதகு திறவாது நின்றதாக ஓர் உரை கூறுமாயின், இரு பயணங்கள் நினைவில் ஒன்றாகிவிட்டன எனக் கொள்ளல் வேண்டும். அதனாற் கூறியவர் பொய்யர் ஆகார். உரை இரண்டாகப் பிரித்து ஆராயப்பட வேண்டியதாகும்.

மூன்றாம் படி கால அளவு. நாள்களின் எண்ணிக்கையைத் துறைமுகப் பதிவுகளாலும் கலத்தின் நாட்குறிப்பாலும் திருத்திக் கொள்ளலாம். நினைவு மிகுத்துரைத்த வழியும் அம்மிகையைப் பிழை என ஒதுக்காது குறித்து வைத்தல் நன்று; காத்திருப்பு உள்ளத்தில் எத்துணைப் பெரிதாக விழுந்தது என்பதற்கு அது சான்றாகும்.

அற்றேல், பதிவுகளே போதாவோ எனின், போதா என்க. எத்தனை கலங்கள் நின்றன, எவ்வளவு கட்டணம் இழக்கப்பட்டது என்பனவற்றைப் பதிவுகள் உரைக்கும். தாமதத்திற்கான பணம் கலவுடைமையாளர்க்கும் வாடகைக்குக் கொண்டார்க்கும் இடையே தீர்க்கப்படும் வழக்கு. மாலுமி இழப்பது வேறொன்று. ஒப்பந்தம் முடிந்தும் இறங்க இயலாமை, ஊரில் நிகழும் நன்மை தீமைகளுக்குச் சென்று சேராமை, காய்கறி தீர்ந்த அடுக்களை ஆகியன எப்பதிவிலும் ஏறுவதில்லை. 1984-இல் குளிர்காலம் நெருங்கிய வேளையில் பாலத்தின் முன் நின்றவர்கள், பனிக்கட்டி முந்துமோ பழுது நீங்குமோ என்றிருந்த நிலை எண்ணிக்கைகளால் விளங்குவதன்று. அதற்கு அவர்தம் உரையே மூலம்.

தமிழ் மாலுமிகள் பலர் உலகக் கலங்களிற் பணியாற்றி ஓய்வு பெற்றுள்ளனர். அவர்தம் நினைவுரைகள் மேற்கூறிய முப்படி அளவையோடு தொகுக்கப்படல் வேண்டும். தொகுப்போர் அவர்கள் வாய்ச்சொல்லை நூல்வழக்கிற்கு மாற்றாது, அவர்கள் சொன்னவாறே எழுதிக்கொள்ளல் வேண்டும். 'பூட்டுமதகு' நாம் ஆண்ட சொல். அத்தொட்டியினுள் பன்முறை நின்று எழுந்தவர்கள் தம்முள் வழங்கிய சொல் வேறாக இருத்தல் கூடும். அச்சொற்கள் அவர்களோடு மறைவதற்கு முன்னர் இப்பணியை மேற்கொள்ளுதல் தமிழ்த்துறை மாணாக்கர் கடனாகும்.