நான்கு பயணிகள், ஐந்து டிக்கெட்!

விழுப்புரத்திலிருந்து காணைக்குக் கிளம்பும் கடைசி டவுன் பஸ். வருடம் 1993. வெளியே மழை. உள்ளே மங்கலாக ஒரே ஒரு பல்பு. பயணிகள் நான்கே பேர். கண்டக்டர் ஆளுக்கொரு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். பிறகு பஸ்ஸின் கடைசி சீட்டுக்குப் போய், யாருமே இல்லாத இடத்தில் ஐந்தாவதாக ஒரு டிக்கெட்டைக் கிழித்து நீட்டுகிறார்.

“சார், அங்கதான் யாருமே இல்லியே?”

“யாரும் இல்லியா? பின்ன உங்ககூட ஏறுனது யாரு?”

இது சினிமா இல்லை. வெப் சீரிஸும் இல்லை. காணையில் ஒருவர் கதையைச் சொல்ல, சென்னை, துபாய், சிங்கப்பூர், டொரன்டோவில் இருக்கும் அவருடைய சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் போனில் சேர்ந்துகொண்டு ஆளுக்கொரு பயணியாகப் பேசினால், ஓர் ஆட்டம் இப்படித்தான் ஆரம்பிக்கும். திரையில் பொம்மை ஓடாது, துப்பாக்கி வெடிக்காது. குரல்கள் மட்டும்தான். ஆனாலும் காதில் ஹெட்போனோடு கேட்பவருக்கு முதுகு சில்லிடும்.

இந்த வகை ஆட்டத்துக்கு டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்று பெயர். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது என்பதால் அந்தப் பெயர். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இதற்கெல்லாம் மூத்தது. விதி எளிது. கேம் மாஸ்டர் என்ற ஒருவர் சூழ்நிலையைச் சொல்வார். மற்றவர்கள் ‘நான் கதவைத் திறக்கிறேன்’, ‘நான் ஓடுகிறேன்’ என்று தங்கள் பாத்திரம் செய்வதைச் சொல்வார்கள். முடியுமா, முடியாதா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

திகில் இதற்குள் முழுதாக நுழைந்தது 1981-ல். எச்.பி.லவ்கிராஃப்டின் கதைகளை வைத்து சாண்டி பீட்டர்சன் உருவாக்க, கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட ‘கால் ஆஃப் கதுலு’ ஒரு புது கணக்கைக் கொண்டுவந்தது. அதில் உடம்புக்கு மட்டுமல்ல, மனசுக்கும் மதிப்பெண் உண்டு. பார்க்கக்கூடாததைப் பார்த்தால் நூறு வரை எண் வரும் பகடையை உருட்ட வேண்டும். கையிருப்பில் உள்ள மனத்தெளிவு எண்ணைத் தாண்டிவிட்டால் அந்த எண்ணிலிருந்து கொஞ்சம் கழியும். அதாவது, உண்மையைத் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள ஆள் உடைந்துகொண்டே வருவார். தெரிந்துகொள்ளாமலும் இருக்க முடியாது. பேய்க்கதை கேட்கும் எல்லோருடைய நிலைமையும் இதுதானே!

மேலைநாட்டுச் சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. 1947-ல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வில் தலைமுறை தலைமுறையாக விக்கிரமாதித்தனின் தோளில் தொங்கிய வேதாளம் என்ன செய்தது? கதையைச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வியைப் போட்டது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். கேட்பவரையும் கதைக்குள் இழுத்து, எந்தப் பக்கம் போனாலும் சிக்கும்படி வைப்பதுதான் கேம் மாஸ்டரின் வேலையும்.

விழுப்புரம் பக்கத்துக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான ஆள் தெருக்கூத்தின் கட்டியக்காரன். ராஜா வருவதை அறிவிப்பதும் அவன்தான். அந்த ராஜாவின் வாயிற்காவலனும் அவன்தான். சனங்களிடம் திரும்பிப் பேசுவான். கதை கனக்கும்போது ஒரு நக்கலை வீசி மூச்சு விட வைப்பான். விடிய விடிய நடக்கும் கூத்தை ஒரே ஆளாகத் தூக்கிக்கொண்டு போகும் அந்தச் சாமர்த்தியத்தில் பாதி இருந்தாலே நல்ல கேம் மாஸ்டர் ஆகிவிடலாம். குறிப்பாக அந்த நக்கல். மூன்று மணிநேரமும் பயமுறுத்திக்கொண்டே இருந்தால் முதல் அரை மணியிலேயே பயம் மரத்துப்போகும்.

எட்டு மணிக்கு இருட்டு எங்கே?

ஆட்களைச் சேர்ப்பதைவிட நேரத்தைச் சேர்ப்பதுதான் கஷ்டம். காணையில் சனிக்கிழமை இரவு 8 மணி என்றால் சிங்கப்பூரில் 10.30, துபாயில் மாலை 6.30. டொரன்டோவில் கோடைக்காலமாக இருந்தால் காலை 10.30, குளிர்காலமாக இருந்தால் 9.30. ஜன்னல் வழியே வெயில் அடிக்க, கையில் காபியோடு உட்கார்ந்திருப்பவரைப் பயமுறுத்துவது லேசில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஹெட்போன் போட்டுக்கொள்ளச் சொல்வதுதான் வழி. ஆடுபவர்கள் மூன்று, அதிகபட்சம் நான்கு பேர் போதும். போனில் இருவர் ஒரே நேரத்தில் பேசினாலே இரண்டும் புரியாது; ஆறு பேர் என்றால் சந்தைக்கடைதான். இரண்டரை மணிநேரத்துக்கு மேல் இழுத்தால் சிங்கப்பூர்க்காரர் தூங்கிவிடுவார். அவர் கேமராவையும் அணைத்திருந்தால் அது யாருக்கும் தெரியவே தெரியாது!

செலவு பெரிதாக இல்லை. பேசுவதற்கு டிஸ்கார்ட் இலவசம். வரைபடமும் பகடையும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் 2012-ல் வந்த ரோல்20 தளத்திலும் இலவசக் கணக்கு உண்டு. ‘கால் ஆஃப் கதுலு’வின் சுருக்க விதிகளைக் கேயாசியமே இலவசமாகத் தருகிறது. அதுவும் வேண்டாம் என்பவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் தாயக்கட்டையை எடுத்துத் துடைக்கலாம். 0, 1, 2, 3 என நாலு முகமுள்ள இரண்டு கட்டைகளை உருட்டினால் 16 விதமாக விழும். அதில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு இந்த நான்கில் ஏதாவது ஒன்று விழ 6 வாய்ப்பு. ‘விழுந்தால் தப்பித்தாய், இல்லாவிட்டால் உன் பயம் ஒரு படி ஏறுகிறது’ என்று வைத்துக்கொண்டால் ஆட்டம் ரெடி. பித்தளைக் கட்டை தரையில் உருளும் சத்தம் மைக்கில் கேட்பதே தனி கிலி. எந்தச் சாஃப்ட்வேர் பகடையும் அதைக் கொடுக்காது.

எல்லாத் திகில் ஆட்டமும் போனுக்கு ஒத்துவராது. 2005-ல் வந்த ‘டிரெட்’டில் பகடையே கிடையாது, மரக்கட்டைகளை அடுக்கிய ஜெங்கா கோபுரத்திலிருந்து ஒவ்வொன்றாக உருவ வேண்டும். கோபுரம் சரிந்தால் சரித்தவரின் பாத்திரம் காலி. கை நடுங்கும் அந்த ஆட்டத்தின் ஒரே கோபுரத்தை நான்கு நாட்டிலிருந்து தொட முடியாதே! பத்து மெழுகுவத்திகளை ஏற்றி ஆடும் ‘டென் கேண்டில்ஸ்’ பரவாயில்லை. ஒவ்வொன்றாக அணைந்து, கடைசி மெழுகுவத்தியும் போனால் எல்லோர் கதையும் முடிந்தது. ஜப்பானில் எடோ காலத்தில் நூறு விளக்கு வைத்து, ஒரு பேய்க்கதைக்கு ஒரு விளக்கு என அணைத்துக்கொண்டே போன வழக்கத்தின் சாயல் இதில் தெரியும்.

ஆன்லைனுக்கே உரிய சில பலன்களும் உண்டு. மேஜையில் ஒருவர் காதில் ரகசியம் சொன்னால் மற்றவர்கள் பார்த்துவிடுவார்கள். போனில், ‘பக்கத்து சீட்டில் ஈரமான கால்தடம் இருக்கிறது, உனக்கு மட்டும்தான் தெரிகிறது’ என்று துபாய்க்காரருக்கு மட்டும் ஒரு மெசேஜ் அனுப்பலாம். அவர் அதை மற்றவர்களிடம் சொல்வாரா, மறைப்பாரா? ஆட்டம் அங்கே சூடுபிடிக்கும். அதே சமயம் ஒரு பொறியும் இருக்கிறது. பல செயலிகளில் பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி தானாகவே இயங்கும். கஷ்டப்பட்டு ஸ்பீக்கரில் ஓடவிட்ட மழைச்சத்தத்தை அது இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். கிசுகிசுப்பாகப் பேசினால் அதுவும் பாதியில் அறுந்துபோகும். முதல் நாளே அதை அணைத்துச் சோதித்துவிடுவது உத்தமம்.

மூன்று வித மௌனம்

திண்ணையில் பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு முனி கதை சொல்லும் பாட்டிக்கு ஒரு வசதி இருந்தது. பிள்ளை அவள் புடவையைப் பிடித்திருக்கும். பிடி இறுகினால், ‘போதும்’ என்று அர்த்தம். உடனே முனியை ஏமாற்றி ஓட வைத்து, பிள்ளையைச் சிரிக்க வைத்து முடித்துவிடுவாள். போனில் அந்தப் பிடி கிடையாது. டொரன்டோவிலிருந்து சத்தமே வரவில்லை என்றால் மூன்று காரணம் இருக்கலாம். கதையில் ஒன்றிப்போய்ப் பயந்திருக்கலாம். நெட்வொர்க் போயிருக்கலாம். அல்லது சொன்ன ஏதோ ஒன்று அவருடைய நிஜமான காயத்தில் பட்டிருக்கலாம். முதலாவது, கேம் மாஸ்டருக்குக் கிடைத்த வெற்றி. மூன்றாவது, ஆட்டத்தை அந்த நொடியே நிறுத்த வேண்டிய விஷயம். வெளியிலிருந்து கேட்டால் இரண்டும் ஒரே மௌனம்தான்.

இந்த ஆட்டங்களில் ஊறியவர்கள் இதற்காகச் சில வழிகளை வைத்திருக்கிறார்கள். ஆடுவதற்குச் சில நாள் முன்பே ஒரு பேச்சு. கதை எதுவும் கிடையாது. ‘உனக்கு எது வேண்டாம்?’ என்பது மட்டும்தான். ரான் எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் இதைக் கோடு, திரை என்று இரண்டாகப் பிரித்தார். கோடு போட்ட விஷயம் கதையில் வரவே வராது. திரை போட்டது நடக்கலாம்; ஆனால் காட்டாமல் தாண்டிவிட வேண்டும். இது தவிர ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு. ஆட்டத்தின் நடுவில் யாராவது அந்த அட்டையைத் தொட்டால் அந்தக் காட்சி அங்கேயே மாறிவிடும். ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. போனில் அட்டைக்குப் பதில் சாட்டில் ஒரு ‘எக்ஸ்’ தட்டினால் போதும்.

சொந்தபந்தங்களோடு, சொந்த ஊரையே களமாக வைத்து ஆடும்போது இது இரண்டு மடங்கு தேவை. பேய்க்கிணறு இல்லாத ஊர் உண்டா? உச்சிவெயிலில் அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லி வளர்த்திருப்பார்கள். கொஞ்சம் தோண்டினால் அந்தப் பேய் பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருப்பாள். வரதட்சணையோ, அடியோ, வேறு சாதிப் பையனைப் பிடித்துப்போனதோ காரணமாக இருந்திருக்கும். ஊர் வெளியே சொன்னது என்னவோ ‘வயிற்றுவலி தாங்காமல்’ என்றுதான். மற்றவர்களுக்கு அவள் கிணற்றுப் பேய். ஆட்டத்தில் இருக்கும் ஒருவருக்கு அவள் அத்தையாக இருக்கலாம். ‘கிணற்றிலிருந்து ஒரு கொலுசுச் சத்தம்...’ என்று கேம் மாஸ்டர் குரலைத் தாழ்த்தும்போது, அந்த ஒருவர் மைக்கை அணைத்துவிட்டு என்ன செய்கிறார் என்பது காணைக்குத் தெரியப்போவதில்லை.

அதற்காக ஊரை விட்டுவிட வேண்டாம். திகிலுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமா? ராஜா தேசிங்கின் செஞ்சிக் கோட்டை இருக்கிறது. வானூர் வட்டம் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ராத்திரியில் அதில் ஒன்று மட்டும் துளிர்த்திருந்தால்? நிஜமாக நடந்த சாவை மட்டும் தொடாமல், பேயைப் புதிதாகப் பிறக்க வைத்தால் போதும். மேல்மலையனூரின் மயானக் கொள்ளையைத் தொடுவதானாலும் முதலில் கேட்டுவிடுவது மரியாதை. பலருக்கு அது திகில் இல்லை, குலதெய்வம். பஸ் கதை 1993-ல் நடப்பதற்கும் காரணம் உண்டு. அது விழுப்புரம் தனி மாவட்டமான வருடம். அதைவிட முக்கியம், பயணிகள் கையில் செல்போன் இல்லை. லொகேஷன் அனுப்ப முடிந்தால் பேய்க்கு என்ன வேலை?

இரண்டாவது மௌனத்துக்கும், அதாவது நெட்வொர்க்குக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். கண்டக்டர் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து காணையில் கரன்ட் போனால், மற்ற நான்கு பேரும் அதையும் கதையின் ஒரு பகுதி என்று நினைத்துப் பத்து நிமிடம் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் ‘நிஜம்’ என்ற பெயரில் தனியாக ஒரு வாட்ஸ்அப் குரூப். கதையில் என்ன நடந்தாலும் அதில் ஒரு வரிகூட வரக்கூடாது. ‘கரன்ட் இல்ல, பத்து நிமிஷம்’, ‘குழந்தை அழுவுது’, ‘எனக்கு இந்த சீன் வேண்டாம்ணா’ இவை மட்டும்தான் அங்கே. அதில் வருவதை எல்லோரும் அப்படியே நம்ப வேண்டும். அதை வைத்து ஒருவரையும் ஏமாற்றக் கூடாது.

இத்தனையும் பேசி முடித்த பிறகு, கடைசியாக ஒரே ஒரு தந்திரம். மழை நடுவே பஸ் நின்று, கடைசி சீட்டிலிருந்து யாரோ எழுந்துவரும் சத்தம் கேட்கும்போது, கேம் மாஸ்டர் தன்னிடம் இருக்கும் இரண்டாவது போனிலிருந்து அதே அழைப்பில் சேருவார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும். பேச்சு கிடையாது. பட்டியலில் ஐந்து பேர் இருந்த இடத்தில் இப்போது ஆறு. முதலில் பார்ப்பவர் யாரோ, அவர் குரல் மாறும்.

“அண்ணே... வெளையாடாதீங்க. கூட இருக்கிறது யாருண்ணே?”

ஆட்டம் முடிந்ததும் அந்த இரண்டாவது போனைக் கேமராவில் காட்டிவிட வேண்டும். அதன்பிறகு அரை மணியாவது கதையை விட்டுவிட்டு ஊர்க்கதை பேசி, டீ குடித்து, சிங்கப்பூர்க்காரரைத் தூங்க அனுப்ப வேண்டும். அப்போதும் டொரன்டோவில் இருப்பவர் அழைப்பை அணைப்பதற்கு முன்பு பட்டியலை இன்னொரு தடவை எண்ணிப் பார்ப்பார்.