பிடித்ததும் பிடிக்காததும் – 14: மறக்காத நோட்டு

கல்யாண மண்டப வாசலில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கோடு போட்ட நீள நோட்டு. ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுகிறார். கையெழுத்து நன்றாக உள்ள இன்னொருவர் ஊர், பெயர், தொகை என்று எழுதுகிறார். முதல் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி. பல ஊர்களில் அதற்கு அடுத்த வரி தாய்மாமனுடையது. தமிழ்க் குடும்பங்கள் தங்கள் வழக்கங்களில் எதைப் போற்றுகின்றன, எதைக் கண்டு சலிக்கின்றன என்ற இரண்டு கேள்விக்கும் இந்த மொய் நோட்டில் விடை இருக்கிறது. ஒரே வழக்கத்தை ஒரே ஆள் விரும்பவும் வெறுக்கவும் முடியும்.

மொய் என்ற சொல்லில் இருந்தே தொடங்கலாம். ஈ மொய்க்கிறது, கூட்டம் மொய்க்கிறது என்பதில் உள்ள சொல்தான் இது. ஒன்றைச் சுற்றிப் பலர் நெருங்கி நிற்பது அதன் அடிப்பொருள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் கூட்டம், நெருக்கம், வலிமை ஆகியவற்றோடு போர் என்ற பொருளையும் இதற்குத் தருகிறது. கல்யாணத்தில் வைக்கும் பணமும் அதே பட்டியலில் இருக்கிறது. பலர் நெருங்கி நின்றால் வலிமை. நெருங்கியவர்கள் எதிரெதிரே நின்றால் போர். மண்டப வாசலில் நடப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலும் இப்படியே. கேரளத்தின் வடகரை, நாதாபுரம் வட்டாரத்தில் இதைப் போன்ற ஒரு வழக்கம் உண்டு. பணம் தேவைப்படுபவர் நாள் குறித்து அழைப்பார். வருகிறவர்களுக்குத் தேநீரும் பலகாரமும் கிடைக்கும். முன்பு தாங்கள் வாங்கியதைத் திருப்பி, மேலே ஒரு தொகையும் சேர்த்து வைத்துவிட்டுப் போவார்கள். அதன் பெயர் பணப்பயற்று. களரிப்பயற்றில் வருகிற அதே பயற்று. ஆயுதப் பழக்கத்தில் வீச்சும் தடுப்பும் மாறி மாறி வருவது போல, இங்கே பணம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. மலையின் இரு பக்கத்திலும் கைகொடுக்கும் பணத்துக்கு அமைந்த பெயரில் ஒரு சண்டைக்களத்தின் சாயல் இருப்பது வியப்புக்குரியது.

ஐரோப்பாவிலும் இதற்கு ஓர் இணை உண்டு. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மாஸ் 1925-இல் கொடை பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். கொடுப்பது, ஏற்பது, திருப்பித் தருவது என்ற மூன்று கடமைகளால் கொடை இயங்குகிறது என்பது அதன் மையம். அதற்கு முந்தைய ஆண்டு அவர் ஒரே ஒரு சொல்லைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதியிருந்தார். ஜெர்மானிய மொழிகளில் 'கிஃப்ட்' என்ற சொல் பரிசையும் குறிக்கிறது, நஞ்சையும் குறிக்கிறது. இன்றைய ஜெர்மன் மொழியில் தனியே நின்றால் அதற்கு நஞ்சு என்று பொருள். 'மிட்கிஃப்ட்' என்று சேர்ந்து வந்தால் சீதனம். ஒரு சொல்லுக்குள் இரண்டும் எப்படிச் சேர்ந்தன என்பதே அவருடைய கேள்வி. மொய் எழுதிய எந்தக் குடும்பத்துக்கும் அதற்கு விடை தெரியும்.

மொய்யின் நடைமுறை எளியது. தொகை 101, 501, 1001 என்று ஒற்றை ரூபாயோடு முடியும். பூஜ்யத்தில் முடிந்தால் உறவும் முடிந்தது போலாகும் என்பது நம்பிக்கை. அதற்காகவே ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய கவர்கள் கடைகளில் விற்கின்றன. ஒரு விசேஷத்துக்குப் புறப்படுமுன் வீட்டில் பழைய நோட்டு இறங்கும். "அவங்க நமக்கு என்ன செஞ்சிருக்காங்க?" என்பதுதான் முதல் கேள்வி. அவர்கள் 1001 செய்திருந்தால், 1001 மட்டும் எழுதுவது கணக்கை நேர் செய்கிறது. 1501 எழுதினால் 500 ரூபாய் புது மொய்யாக அவர்கள் பக்கம் ஏறுகிறது. அடுத்த முறை அவர்கள் வந்தாக வேண்டும். கடன் தீரக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் நுட்பம். தீர்ந்துவிட்டால் வருவதற்குக் காரணம் இருக்காது.

இந்த நுட்பம் முழு வளர்ச்சி பெற்றது மொய்விருந்தில். தஞ்சாவூர் மாவட்டத்தின் பேராவூரணி, புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு ஆகிய பகுதிகளில் ஆடி, ஆவணி மாதங்களில் இது நடக்கிறது. கல்யாணமோ காதுகுத்தோ தேவையில்லை. மொய் வாங்குவதற்காகவே விருந்து. ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 5 ஆண்டுக்கு ஒரு முறை வரும். செலவைக் குறைக்கச் சிலர் கூட்டாகச் சேர்ந்து ஒரே பந்தல், ஒரே ஆட்டுக்கறி விருந்து வைத்து, அவரவர் பெயரில் தனித்தனி மேசை போடுகிறார்கள். பணம் எண்ணும் இயந்திரமும் கணினி ரசீதும் அந்த மேசைகளுக்கு வந்துவிட்டன. சேர்ந்த பணம் ஆழ்துளைக் கிணறாகவும் தென்னந்தோப்பாகவும் மகளின் படிப்பாகவும் மாறுகிறது. 2022 ஆகஸ்டில் பேராவூரணித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் நடத்திய விருந்தில் சுமார் 10 கோடி ரூபாய் சேர்ந்ததாக நாளிதழ்கள் எழுதின. மற்ற வட்டாரத்தினர் பலர் மொய்விருந்தை அறிந்தது 1992-இல் வந்த 'சின்னக் கவுண்டர்' படத்தின் வழியாக; சாப்பிட்டவர்கள் இலைக்கு அடியில் பணம் வைத்துவிட்டு எழும் காட்சி அதில் உண்டு.

மொய்யை மக்கள் விரும்புவதற்கான காரணங்கள் திடமானவை. வங்கி ஈடு கேட்கிறது, மொய் கேட்பதில்லை. வட்டி இல்லை. மொத்தமாக வந்த பணம் பல ஆண்டுகளில் சிறுகச் சிறுகப் பல வீடுகளுக்குத் திரும்புகிறது. சட்டத்தின் பார்வையில் இது இன்னும் வியப்பான ஏற்பாடு. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, சாதாரணக் கைமாற்றுக் கடனுக்கு 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். மொய்விருந்தின் ஒரு சுற்றே 5 ஆண்டு. நீதிமன்றம் கைவிட்ட பிறகும் நோட்டு நினைவில் வைத்திருக்கிறது, பெரும்பாலானவர்கள் பத்திரமில்லாமலேயே திருப்பிச் செய்கிறார்கள். ஒரு சமூகம் தன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு இதைவிட நல்ல அளவுகோல் அரிது.

வெறுப்புக்கான காரணங்களும் அதே அளவு திடமானவை. திருப்பிச் செய்ய வேண்டிய நாளை வாங்கியவர் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரே முகூர்த்தத்தில் ஐந்து பத்திரிகை வந்தால் ஐந்துக்கும் எழுத வேண்டும். கையில் இல்லாதவர் வட்டிக்கு வாங்கி, வட்டியில்லாக் கடனை அடைக்கிறார். தொகையை ஒலிபெருக்கியில் வாசிக்கும் ஊர்களில் குறைவாக எழுதியவர் கூனிக் குறுகுகிறார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், பிள்ளை இல்லாதவர் ஆயுள் முழுதும் எழுதிவிட்டு, திரும்பப் பெற விசேஷம் இல்லாமல் நிற்கிறார். சிக்கனம் பிடித்துப் பணம் சேர்த்தது மனைவியாக இருந்தாலும் நோட்டில் ஏறுவது பெரும்பாலும் கணவன் பெயர். கல்யாண மொய் அநேகமாகச் சொந்தச் சாதிக்குள்ளேயே சுற்றுவதால், அது கட்டும் நெருக்கம் வேலியாகவும் நிற்கிறது.

விலைவாசி இன்னொரு சுமை. ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால் சுமார் 12 ஆண்டில் விலை இரட்டிப்பாகும். 24 ஆண்டுக்கு முன் செய்த 1001 ரூபாய் அதே 1001 ரூபாயாகத் திரும்பினால், அதன் வாங்கும் சக்தி கால் பங்குதான். கூட்டிச் செய்யாதவர் ஏமாற்றியதாகப் பேச்சு எழும். கூட்டிச் செய்ய வசதி இல்லாதவர் விசேஷத்துக்கே வராமல் நின்றுவிடுவார். 2018 நவம்பரில் கஜா புயல் பேராவூரணி, ஆலங்குடிப் பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. திருப்பிச் செய்ய வேண்டியவர், பெற வேண்டியவர் இருவரின் வருமானமும் ஒரே இரவில் போயிற்று. எல்லோரும் ஒருவரை ஒருவர் தாங்கும் ஏற்பாடு, எல்லோரும் ஒன்றாக விழும்போது தாங்குவதில்லை.

வரிச் சட்டமும் கல்யாண மொய், மொய்விருந்து ஆகிய இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. வருமான வரிச் சட்டத்தின்படி ஒருவருடைய திருமணத்தில் அவருக்கு வந்த அன்பளிப்புக்கு வரி இல்லை. உறவினர் அல்லாதவரிடமிருந்து மற்ற வகையில் ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அது வருமானம். வாங்கியவர் வீட்டு நோட்டிலோ அதே பணம் கடன்.



மொய்யின் சுமையை உணர்ந்தவர்கள் இப்போது பத்திரிகையின் அடியில் 'மொய் தவிர்க்கவும்' என்று அச்சிடுகிறார்கள். நல்லெண்ணத்தில் செய்வது. ஆனால் 20 ஆண்டுக்கு முன் அந்த வீட்டுக்காரர் கையால் மொய் வாங்கியவர் கவரோடு வந்து நிற்கிறார். மேசையும் இல்லை, நோட்டும் இல்லை. கட்டாயப்படுத்திக் கையில் திணிக்கிறார், அல்லது கவரைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட உட்காருகிறார். மாஸ் சொன்ன மூன்று கடமைகளில் நடுவில் உள்ளது ஏற்பது. அதை எடுத்துவிட்டால் கடன்பட்டவருக்கு விடுதலை கிடைப்பதில்லை. அவர் வீட்டு நோட்டில் அந்த வரி அடிக்கப்படாமலே நிற்கிறது. மொய்யில் மனிதர்கள் வெறுப்பது தாங்கள் எழுதப்பட்டிருப்பதை. அவர்கள் விரும்புவதும் அதையேதான். தகப்பன் மறைந்தபின் மகன் கைக்கு வருகிற நோட்டில், இன்னின்னார் இந்த வீட்டுக்கு வந்தார்கள், இன்ன ஊரிலிருந்து வந்தார்கள் என்பதற்குப் பல குடும்பங்களில் வேறு எழுத்துச் சான்று கிடையாது.