நிழல்கள் முகம் பெற்றன

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், ரூஸ்டர் டீத் என்னும் ஸ்தாபனத்தார் 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் இணையத்தில் வெளியிடத் தொடங்கிய 'ரூபி' என்ற அனிமேஷன் தொடரின் முதல் பருவத்தில், கதாநாயகிகள் நால்வரும் வர்ணஜாலமாய் ஆயுதம் சுழற்றித் திரிய, வீதியில் போகும் ஜனங்களோ கண்ணும் மூக்குமற்ற வெறும் கருநிழல்களாய் நடமாடினர். இதைக் கலை நுட்பமென்று வியாக்கியானம் செய்ய இடமுண்டுதான். ஆயினும், வழிப்போக்கர் ஒவ்வொருவருக்கும் தனி உருவம் சமைக்க அச்சிறு குழுவுக்கு அவகாசம் இருக்கவில்லை என்பதே யதார்த்தம்.

2014இல் வந்த இரண்டாம் பருவத்தில் அந்நிழல்களுக்கு முகமும் உடையும் வாய்த்தன. அதன் முதல் அத்தியாயத்திலேயே, பள்ளி உணவுக்கூடத்தில் மூளும் கலகத்தில், ஒருத்தி வாள்மீனையே வாளாக ஏந்த, மற்றொருத்தி கம்பத்தில் குத்திய தர்ப்பூசணியைச் சம்மட்டியாய் ஓங்க, சாப்பாட்டுத் தட்டின்மீது ஏறி நின்று வேறொருத்தி மேஜை வழியே சறுக்கி வருகிற வேகத்தில், தொடரைப் படைத்த மான்ட்டி ஓம் என்பவரின் சண்டை அமைப்புத் திறமை பரிபூரணமாய்ப் பிரகாசிக்கிறது. இத்தனைக்கும் இரு பருவங்களும் போசர் என்ற ஒரே மென்பொருளில் உருவானவையே. 16 அத்தியாயங்கள் 12 ஆகக் குறைந்ததும், என் அபிப்பிராயத்தில், கதைக்கு அனுகூலமாகவே அமைந்தது. பாத்திரங்கள் நின்று பேசும் இடங்களில் மாத்திரம் பழைய விறைப்பு முற்றும் நீங்கிவிடவில்லை.