வெளியே தெரியாத விழுப்புண்



குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் வந்தால் அடுத்த ஸ்டேஷன் வெலிங்டன். 1758-ல் உருவாகி, இந்திய ராணுவத்தின் மிகப் பழைய காலாட்படை என்று பெயர் பெற்ற மதராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் 1947 முதல் அங்கேதான் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, நம் மலையில் பல ஹட்டிகளிலும் எஸ்டேட் லைன்களிலும் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று ஒரு வீடு இருக்கும். வழி கேட்டால்கூட "மிலிட்டரிக்காரர் வீட்டுக்கு மேல் வீடு" என்றுதான் சொல்வார்கள்.

அவரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? முறுக்கு மீசை தெரியும். பென்ஷன் தெரியும். கேண்டீன் சாமான் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து எழுந்து உட்காருவது தெரியுமா? அவர் வீட்டு அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அந்த இரண்டு மணியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு புண், மூன்றாவது புண்

நம் பழந்தமிழர் போரில் படும் காயத்தை இரண்டாகப் பிரித்தார்கள். மார்பில் பட்டால் விழுப்புண், அது பெருமை. முதுகில் பட்டால் புறப்புண்; அது அவமானம். வெண்ணிப் போரில் முதுகில் காயம் பட்டதற்காகச் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர் விட்டான் என்று புறநானூறு சொல்கிறது. போரில் செத்தவனுக்கு நடுகல் நட்டுப் படையல் போட்டார்கள்.

சரி, மார்பிலும் படாமல் முதுகிலும் படாமல் மனசுக்குள்ளே பட்ட காயத்துக்கு என்ன பேர்? உயிரோடு திரும்பி வந்து, உள்ளுக்குள் தினம் தினம் அதே போரை நடத்திக் கொண்டிருப்பவனுக்கு எந்தக் கல்? இந்த மூன்றாவது புண்ணுக்குத்தான் மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்' எனலாம்.

பெயர் வந்த கதை

முதல் உலகப் போரின்போது, 1915-ல், சார்லஸ் மையர்ஸ் என்ற டாக்டர் 'ஷெல் ஷாக்' என்ற சொல்லை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாத சிப்பாய்களுக்குக் கை நடுங்கியது, பேச்சு நின்றது, கண் தெரியாமல் போனது. குண்டு வெடித்த அதிர்வு மூளையைக் குலுக்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். அப்புறம் பார்த்தால் குண்டு பக்கத்தில் வெடிக்காதவர்களுக்கும் அதே கதி. "கோழை" என்று பட்டம் கட்டினார்கள். அந்தப் போரில் ஓடிப்போனது, பயந்தது போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டன் தன் சொந்த வீரர்களையே சுட்டுக் கொன்றது. அப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு 2006-ல்தான் மன்னிப்பு கிடைத்தது. அவர்களில் சிலர் இந்த நோயாளிகள் என்று இன்று தெரிகிறது. 90 வருஷம் கழித்து வந்த மன்னிப்பு!

அடுத்த திருப்பம் வியட்நாம் போர். ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்கள் சிலர் 1970-ல் நியூயார்க்கில் தங்களுக்குள்ளேயே கூடி மனம் விட்டுப் பேச ஆரம்பித்தார்கள். ராபர்ட் ஜே லிஃப்டன், சைம் ஷாட்டன் என்ற இரண்டு மனநல மருத்துவர்களும் அதில் போய் உட்கார்ந்தார்கள். 'டாக்டர் மேலே, நோயாளி கீழே' என்கிற ஏற்பாடு அங்கே கிடையாது. எல்லோரும் வட்டமாகத்தான் உட்கார்ந்தார்கள். அந்த வட்டத்தில் தெரிந்து கொண்டதும் சேர்ந்துதான் 1980-ல் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் ஏறியது. ஆக, இந்த நோய்க்குப் பெயர் கிடைத்ததே வீரர்கள் வாய் திறந்து பேசியதால்தான். இதை நாம் மறக்கக் கூடாது.

உள்ளே என்ன நடக்கிறது?

நம் ஒர்க் ஷாப்பில் இருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். வெல்டிங் செய்த இரும்பில் சூடு ஆறிய பிறகும், மேலே எந்த லோடும் இல்லாதபோதும், உள்ளே ஸ்ட்ரெஸ் தங்கிவிடும். ரெசிடுவல் ஸ்ட்ரெஸ் என்று மெட்டலர்ஜியில் படித்திருக்கிறோம் அல்லவா? மேலே பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. ஒரு நாள் சின்னதாக ஒரு லோடு வந்தாலும் விரிசல் விடும். அப்போது "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?" என்று கேட்போம். விஷயம் சின்னதுதான். உள்ளே இருந்தது பெரிசு.

மனித மூளையில் அமிக்டலா என்று ஒரு பகுதி அபாய மணி அடிக்கிற வேலையைச் செய்கிறது. 'இது எப்போது, எங்கே நடந்தது' என்று நினைவுகளை அடுக்கி வைக்க ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி உதவுகிறது. பேரதிர்ச்சியில் இந்த அடுக்கும் வேலை சரியாக நடப்பதில்லை. அதனால் பழைய நினைவு 'முடிந்து போன சம்பவம்' என்று பதிவாகாமல் 'இப்போது நடக்கிறது' என்றே நின்றுவிடுகிறது. மணி ஓயாமல் அடிக்கிறது.

அறிகுறிகளை மருத்துவர்கள் நான்காகப் பிரிக்கிறார்கள். ஒன்று, கெட்ட கனவாகவும் கண்முன் காட்சியாகவும் அதுவே திரும்பத் திரும்ப வருவது. இரண்டு, அதை நினைவுபடுத்தும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் விட்டு ஒதுங்குவது. மூன்று, "என்னால்தான் அவன் செத்தான்" என்ற குற்ற உணர்ச்சி, யார் மேலும் பாசம் ஒட்டாமை. நான்கு, தூக்கமின்மை, சட்டென்று கோபம், சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் கெடுத்தால்தான் அது பி.டி.எஸ்.டி. போருக்குப் போன எல்லோருக்கும் இது வருவதில்லை. பெரும்பாலானோர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். தேற முடியாதவர்களும் பலவீனமானவர்கள் அல்ல.

நம் ஊரில் இது எப்படித் தெரியும்? தேயிலைச் செடிக்குள் ஏதாவது அசைந்தால் காட்டுமாடோ கேளையாடோ என்று நாம் பார்ப்போம். அவர் மனம் அங்கே துப்பாக்கியைப் பார்க்கும். கூடலூர்ப் பக்கம் யானை விரட்டப் பட்டாசு போட்டால் நமக்கு யானை போச்சே என்று நிம்மதி. அவருக்கு அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

நம் பக்கத்துப் போர்

இது ஏதோ வெள்ளைக்காரன் வியாதி என்று தள்ளிவிட முடியாது. 1987 ஜூலை 29-ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கப் போன படை, அக்டோபர் மாதமே யாழ்ப்பாணத்தில் போரில் இறங்க வேண்டியதாயிற்று. 1990 மார்ச் 24-ல் கடைசி வீரர்கள் திரும்பும்போது சுமார் 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். மதராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன்களும் அங்கே இருந்தன.

தமிழ் பேசும் சிப்பாய் ஒருவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். எதிரே இருப்பவனும் தமிழ் பேசுகிறான். நடுவில் மாட்டிக் கொண்டு அழுகிற தாயும் தமிழில்தான் அழுகிறாள். ரோட்டுக்குள் கண்ணிவெடி. அதிலே நடந்து பழகிய கால், ஊருக்கு வந்த பிறகும் தார் ரோட்டில் உறுத்து உறுத்துப் பார்த்துத்தான் நடக்கும். போகும்போது இருந்த ஆரவாரம் வரும்போது இல்லை. ஈழத் தமிழர் பட்ட துன்பத்தால் தமிழ்நாட்டில் மனக்கசப்பு. சென்னையில் வந்திறங்கிய படையை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. அந்த அரசியலில் யார் சரி என்பது வேறு பேச்சு. அனுப்பப்பட்ட சிப்பாய் அதை முடிவு செய்யவில்லை. வியட்நாமில் இருந்து திரும்பியவர்களுக்கும் இதே மௌனம்தான் கிடைத்தது. திரும்பி வந்தவனை ஊர் எப்படி ஏற்றுக் கொள்கிறது என்பதும் காயம் ஆறுவதைத் தீர்மானிக்கிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையில் இருந்து வந்த குடும்பங்கள் நம் நீலகிரியில் ஏராளம். அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயே அவர்களுக்காக வந்ததுதான். 1977 கலவரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்களும் அவர்களில் உண்டு. ஆக ஒரே மலையில், இலங்கைக்குப் போய்க் காயப்பட்டு வந்தவரும் இருக்கிறார்; இலங்கையில் காயப்பட்டு இங்கே வந்தவரும் இருக்கிறார். இருவரும் ஒரே கடையில் டீ குடிக்கிறார்கள். இருவருமே பேசுவதில்லை.

ஏன் சொல்வதில்லை?

முதல் காரணம் பயம். ராணுவத்தில் உடல் தகுதியை 'ஷேப்' என்ற ஐந்து எழுத்தால் குறிக்கிறார்கள். அதில் முதல் எழுத்தே மனநிலைக்கு உரியது. அந்த எழுத்தில் தகுதி குறைந்தால் பிரமோஷன் என்ன ஆகும், ஊரில் என்ன பேசுவார்கள் என்ற கவலையில் வாயைக் கட்டிக் கொள்கிறார்கள். அந்தப் பழக்கம் ரிடையர் ஆன பிறகும் போவதில்லை.

இரண்டாவது பாட்டில். கேண்டீன் ரம் ஒரு மணி நேரம் மறக்க வைக்கும், தூங்கவும் வைக்கும். ஆனால் பாதி ராத்திரியில் தூக்கத்தைக் கலைத்து, கனவை இன்னும் மோசமாக்கும். ஊர் "குடிகாரன்" என்கிறது. குடிக்குக் கீழே இருக்கிற நோயை யாரும் பார்ப்பதில்லை.

மூன்றாவது நம் வாய். "மிலிட்டரி கிறுக்கு" என்ற ஒரு சொல் போதும், ஒரு மனிதரை வீட்டுக்குள் பூட்டி வைக்க.

சிகிச்சை உண்டு

மறுபடியும் ஒர்க் ஷாப்புக்கு வருவோம். உள்ளே தங்கிய ஸ்ட்ரெஸ்ஸை எப்படி எடுக்கிறோம்? ஃபர்னஸில் வைத்து மெதுவாகச் சுமார் 600 டிகிரி வரை சூடேற்றி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்து, மெதுவாக ஆறவிடுகிறோம். உருக விடுவதும் இல்லை, சட்டென்று தண்ணீரில் முக்குவதும் இல்லை. பேச்சு சிகிச்சையும் ஏறக்குறைய இப்படித்தான். பயிற்சி பெற்ற மனநல நிபுணர் முன்னிலையில், பாதுகாப்பான இடத்தில், அந்த நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டு, விட்டு, மறுபடி தொட்டு, 'அது முடிந்துவிட்டது' என்று மூளைக்குக் கற்பிக்கிறார்கள். வாரம் ஒரு முறை வீதம் 8 முதல் 15 வாரம் வரை ஆகும். கண்களை இரு பக்கமும் அசைத்தபடி நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும் உண்டு. செர்ட்ராலின், பராக்செட்டின் போன்ற மாத்திரைகளும் தருகிறார்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும். டாக்டர் சொல்லாமல் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது இந்த நோய்க்கு மருந்தே அல்ல. எல்லோருக்கும் முழுசாகக் குணமாகும் என்று சொல்ல முடியாது. ஆனால் பலருக்கு நன்றாகவே குறைகிறது. 30 வருஷம் கழித்துப் போனாலும் பலன் உண்டு.

எங்கே போவது? வெலிங்டனில் ராணுவ மருத்துவமனை இருக்கிறது. பென்ஷன் வாங்கும் முன்னாள் வீரர்களுக்கு 2003-ல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இருந்த இடத்திலேயே பேச, 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவச எண் 14416 இருக்கிறது. படை வீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்றே அதில் ஒரு தனிப் பிரிவு 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைப்பதை உரிமையாகவே தந்திருக்கிறது.

தோளோடு தோள்

ஆனால் நேராக டாக்டரிடம் போகச் சொன்னால் எத்தனை பேர் போவார்கள்? இங்கேதான் சக வீரர் வேண்டும். "உனக்கு என்னய்யா தெரியும்?" என்ற கேள்வியை அவரிடம் மட்டும் கேட்க முடியாது. அமெரிக்கா 1979-ல் வீரர்களுக்கென ஊர்ப்புறங்களில் ஆலோசனை நிலையங்களைத் தொடங்கியபோது, போருக்குப் போய் வந்தவர்களையே பலரை வேலைக்கு வைத்தது. இன்று அப்படிச் சுமார் 300 நிலையங்கள் அங்கே நடக்கின்றன.

நம்மிடம் கட்டிடம் இல்லாவிட்டாலும் ஆட்கள் இருக்கிறார்கள். முன்னாள் படைவீரர் சங்கம் இருக்கிறது, ரெஜிமென்ட் ரீயூனியன் இருக்கிறது, டிசம்பர் 7 கொடி நாள் இருக்கிறது. மாதம் ஒரு நாள் நாலு பேர் உட்கார்ந்தால் போதும். சில கட்டுப்பாடுகள் மட்டும் வேண்டும். பேசியது வெளியே போகக் கூடாது. பாட்டில் கூடாது. "நான் பார்த்ததை விடவா?" என்ற போட்டி கூடாது. பேச விரும்பாதவரைக் கிண்டக் கூடாது. "செத்துப் போகலாம்போல இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அன்றே, தனியே விடாமல், டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். சக வீரர் டாக்டருக்குப் பதில் அல்ல. டாக்டர் வீட்டு வாசல் வரை கூட வருபவர்.

நாம் என்ன செய்யலாம்?

எங்கள் லைனில் இப்படி ஒரு மாமா இருந்தார். தீபாவளி வந்தால் கதவை அடைத்துக் கொள்வார். பள்ளிக்கூடமே போகாத என் அம்மா, கொழுந்து எடுத்துவிட்டு வந்ததும் எங்களிடம் சொல்வார்: "வெடி வெடிக்கணும்னா கிரவுண்டுக்குப் போங்கடா. அண்ணன் வீட்டு முன்னாடி வேணாம்." நோயின் பெயர் அம்மாவுக்குத் தெரியாது. அந்த மாமாவுக்கு அன்று வேண்டியது அதுதான் என்பது தெரியும். அவருடைய மனைவியிடமும் "ராத்திரி தூங்கினீங்களா அக்கா?" என்று கேட்பார். வீட்டில் இருப்பவர்களும் சேர்ந்துதான் இந்த நோயைச் சுமக்கிறார்கள்.

நம்மிலேயே பலர் டிப்ளமோ முடித்ததும் ராணுவ ஆள்சேர்ப்புக்குப் போகக் காத்திருக்கிறோம். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் பணி நான்கு வருடம். நால்வரில் ஒருவருக்கே தொடர்ந்து வேலை என்றும், மற்றவர்களுக்குப் பென்ஷனோ முன்னாள் வீரர் மருத்துவத் திட்டமோ கிடையாது என்றும் அப்போதே விதி வெளியிட்டார்கள். அப்படியானால் இருபத்து மூன்று வயதில் திரும்பி வரும் நம் நண்பனுக்கு முதல் ஆஸ்பத்திரி நாம்தான். அவனிடம் "எத்தனை பேரைச் சுட்டே?" என்று கேட்காமல், "வா, டீ சாப்பிடலாம்" என்று கூப்பிடுவோம். அவன் பேசினால் கேட்போம். பேசாவிட்டாலும் பக்கத்தில் உட்காருவோம். தூக்கம் கெட்டு மாதம் ஒன்று தாண்டினால், 14416-ஐ நாமே போட்டுக் கையில் கொடுப்போம்.

செத்தவனுக்குக் கல் நட்ட இனம் நாம். உயிரோடு வந்தவனுக்கு ஒரு நாற்காலி போட நமக்கு எவ்வளவு நேரம் ஆகும், நண்பர்களே?