பிரெய்ரியின் ஆரஞ்சுப் பூ

வட அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் உள்ள பிரெய்ரிப் புல்வெளிகளில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் பூப்பது பட்டர்ஃபிளை வீட். அறிவியல் பெயர் அஸ்க்லெபியாஸ் டியூபரோசா. எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த செடி இது. காய் வெடித்ததும் பட்டு இழையோடு விதைகள் காற்றில் பறப்பதில் அந்த உறவு தெரியும். ஆனால் காம்பை ஒடித்தால் எருக்கைப் போலப் பால் வடியாது, தெளிந்த சாறுதான் கசியும்.

மேலே இரண்டடி உயரமே இருந்தாலும், மண்ணுக்குள் கிழங்கு போலப் பருத்த ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும். வறட்சியையும் மைனஸ் 30 டிகிரி குளிரையும் செடி தாங்குவது அந்த வேரால்தான். அதே வேர்தான் தோட்டக்காரருக்குக் கட்டுப்பாடும் விதிக்கிறது. வளர்ந்த செடியைப் பெயர்த்து நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. அதனால் முதலிலேயே இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழ வேண்டும். தண்ணீர் தேங்கவே கூடாது. இந்தச் செடியைக் கொல்வது குளிரைவிடக் குளிர்கால ஈரம்தான். களிமண் நிலமானால் பாத்தியை மேடாக்கி நடுவது நல்லது. முதல் ஆண்டு அவ்வப்போது தண்ணீர் ஊற்றினால் போதும். உரம் தேவையில்லை, போட்டால் தண்டு நீண்டு சாய்ந்துவிடும்.

விதையை ஈர மணலில் கலந்து ஒரு மாதமாவது குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் நன்றாக முளைக்கும். பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். வசந்தத்தில் மற்றச் செடிகளெல்லாம் துளிர்த்த பிறகே இது தலைகாட்டும். செத்துவிட்டதென்று நினைத்துக் கொத்திவிடுபவர்கள் உண்டு. முந்தைய ஆண்டின் காய்ந்த தண்டை வெட்டாமல் விட்டுவைத்தால் இடம் தெரியும்.

பூவின் அமைப்பு வியப்பானது. இதில் மகரந்தம் தூளாக உதிர்வதில்லை. இரண்டிரண்டு பொதிகளாக இருக்கும். தேன் குடிக்க வரும் பூச்சியின் கால் பூவிலுள்ள பிளவில் நழுவும்போது அந்தப் பொதிகள் கொக்கி மாட்டியதுபோல் காலில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகின்றன.

மொனார்க் வண்ணத்துப்பூச்சி இந்தச் செடியின் இலையில் முட்டையிடும். தமிழ்நாட்டில் எருக்கிலையைத் தின்று வளரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியும் மொனார்க்கின் பேரினம்தான். மொனார்க் புழுக்கள் இலையைக் கடித்துத் தின்றாலும் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. புழுக்களுக்கு இலை கொடுப்பதற்காகவே இதை நடுபவர்கள் பலர். தண்டில் மஞ்சள் அசுவினி மொய்த்தால், முட்டையோ புழுவோ இல்லாத பக்கமாகப் பார்த்துத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடலாம். விதை கண்ட இடத்தில் விழுந்து முளைப்பது வேண்டாமென்றால், காய் வெடிக்குமுன் பறித்துவிட வேண்டும்.