கொல்லையில் ஊன்றத் தக்க கொடிக்காய் எது?

ஜாசினிலும் அலோர் காஜாவிலும் சந்தைக்குச் சென்று, ஒரு கட்டுப் பயற்றங்காயின் விலையைக் கேட்டுவிட்டு வெறும் கூடையுடன் நகரும் தாய்மார்கள் உண்டு. அவர்களுள் சிலரது லயத்தின் பின்புறத்திலேயே நாலு முழம் நிலம் லாலான் மண்டிக் கிடப்பதும் உண்மை. அந்நிலத்தில் எந்தக் கொடிக்காயை ஊன்றுவது நன்மை பயக்கும் என்பதையே இங்குக் கூற விரும்புகிறோம்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். செம்புறைக்கற்கள் நிறைந்த ஒருவகை மண்ணுக்கு மண்ணாய்வாளர்கள் 'மலாக்கா வரிசை' என்றே பெயரிட்டுள்ளனர். நம் மாநிலத்தின் பெயர் அதற்கு வாய்த்தது பெருமைக்குரிய செய்தியன்று. அம்மண் புளிப்பு மிகுந்தது, சத்துக் குறைந்தது. ஆதலின் ஓரடி உயரத்திற்கு மேட்டுப்பாத்தி அமைத்து, சுண்ணாம்புத் தூளோ அடுப்புச் சாம்பலோ தூவி, மக்கிய எருவைக் கலந்து, இரண்டு வாரம் ஆறவிட்ட பின்னரே விதையை ஊன்ற வேண்டும். தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டுதல் வேண்டா. இளம் ரப்பர் நிரைகளுக்கிடையே பியூரேரியா, சென்ட்ரோசிமா ஆகிய கொடிகளை நிர்வாகத்தார் படரவிடுவதை நாம் அறிவோம். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. அவரையும் பயறும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. உரம் மிகுந்தால் இலை செழிக்கும்; காய் இராது.

கடைகளில் கிடைக்கும் பீன்ஸ் எனும் பிஞ்சவரையை இங்கு முயல்வது வீண். அது குளிரை நாடும் பயிர். கேமரன் மலைக்கு ஏற்றது. மலாக்காவின் வெப்பத்தில் அதன் பூக்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

எஞ்சியவை மூன்று. அவற்றுள் பயற்றங்காய் அவசரக்காரருக்கு உரியது. ஊன்றிய ஏழெட்டு வாரங்களில் காய் பறிக்கலாம். அடிக்கு ஒரு குழியாக, குழிக்கு இரண்டு விதை இட்டு, ஆறடிக் கழிகளை நாட்ட வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்கத் தவறின் காய் முற்றி, கொடியும் ஓய்ந்துவிடும். ஒன்றிரண்டு மாதம் காய்த்து முடிந்துவிடும் இதற்குப் பூச்சித் தொல்லையும் மிகுதி.

நம் பாட்டன்மார் தமிழகத்திலிருந்து வந்தபோது ஆடிப்பட்ட வழக்கத்தையும் உடன் கொண்டு வந்தனர். அங்கு ஆடியில் ஊன்றிய அவரை, பகல் குறுகும் மார்கழி, தை மாதங்களில் காய்க்கும். மலாக்காவிலோ ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரமே. ஆகையால் இங்கே மாதத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மழையைப் பார்த்தால் போதும். சனவரி, பிப்ரவரி வறட்சியில் ஊன்றினால் தண்ணீர் சுமக்க நேரும். அவரை மெல்லத் தொடங்கும். வேலியிலோ பந்தலிலோ படர்ந்துவிட்டால் ஓராண்டுக்கு மேலும் நிலைத்துக் காய்க்கும்.

மூன்றாவது, நம்மவர் பெரிதும் புறக்கணித்துவிட்ட சிறகவரை. மலாய்க்காரர்கள் இதனைக் காச்சாங் போத்தோல் என்று வழங்குவர். பிஞ்சைப் பச்சையாகவே சம்பால் பெலாச்சானுடன் உண்பர். நான்கு சிறகுகளையுடைய இக்காய், நம் வெப்பத்திற்கும் மழைக்கும் என்றே பிறந்தது போன்றது. பிஞ்சு மட்டுமன்றி இளந்தளிரும் பூவும் கிழங்கும் உணவாகும். முற்றிய விதையில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் புரதம் உண்டு. ஆயினும் அதனை ஊறவைத்து, நன்கு வேகவைத்த பின்னரே உண்ணல் வேண்டும். 1975ஆம் ஆண்டு அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் இப்பயிரைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. வெப்ப நாடுகளின் சோயாவாக இது விளங்கும் என்றுகூட அந்நாளில் பலர் நம்பினர். அவ்வாறு நிகழவில்லை. கொடிக்குக் கொடி கழி நாட்ட வேண்டும். காய்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. பெரும் பண்ணைக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் அக்குறைகள் வீட்டுக் கொல்லைக்குக் குறைகளே அல்ல! பத்துக் கொடிக்குக் கழி நாட்ட ஒரு மாலைப் பொழுது போதும். காய்கள் சிறிது சிறிதாக வருவதுதான் அடுப்படிக்கு வேண்டியதும். ஊன்றிய பத்து வாரமளவில் காய்க்கத் தொடங்கி, பல மாதம் தொடரும்.

இக்கொடி வாடினால் வேரைப் பிடுங்கிப் பாருங்கள். விரலால் தேய்த்ததும் உதிர்பவை நல்ல முடிச்சுகள். வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். வேரே வீங்கி, உதிராமல் இருந்தால் அது நூற்புழுவின் வேலை. அவ்விடத்தில் மீண்டும் அவரையினம் ஊன்றலாகாது.

பயற்றங்கொடியின் நுனியில் கருநிறச் செடிப்பேன் மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவுங்கள். பின் சோப்புக் கரைசல் தெளியுங்கள். தோட்டத்தில் களைக்கொல்லி அடித்த பம்பை எவ்வளவு கழுவினாலும் கொல்லைக்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் தங்கிய சிறு அளவு மருந்தும் அவரைக் கொடியைக் கருக்கிவிடும், உண்பவருக்கும் கேடு. பாராகுவாட் 2020 சனவரி முதல் நாள் தொட்டு நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய போத்தல் எங்கேனும் கிடந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டவிடாமல், நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

மூன்றனுள் எதைத் தெரிவது? லயத்து மண் நமக்குச் சொந்தமன்று. ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறியதையும், கைமாறியதையும், குடும்பங்கள் பெயர்ந்து சென்றதையும் மலாக்காவில் கண்டிருக்கிறோம். இன்னும் சில மாதமே இருப்போம் என்பவர்கள் பயற்றங்காயை ஊன்றட்டும். நிலைத்திருப்போர் மூன்றையும் ஒரே நாளில் ஊன்றலாம். பயறு ஓயும் வேளையில் சிறகவரை கைகொடுக்கும், பின்னர் அவரை வந்து சேரும். எங்கள் விருப்பம் கேட்டால், பாதிப் பாத்தியைச் சிறகவரைக்கே ஒதுக்குவோம்.

நல்ல கொடியில் முதலில் வந்த காய்களுள் நாலைந்தைப் பறிக்காமல் முற்றவிடுங்கள். காய்ந்த விதையைச் சாம்பலுடன் கலந்து போத்தலில் அடைத்து வைத்தால், இடம் பெயர்ந்தாலும் அது உடன் வரும். பட்டணத்து அடுக்கு வீட்டிலும் பழைய உரச்சாக்கில் மண் நிரப்பி ஒரு கொடி வளர்க்கலாம். சிறகவரை விதையின் தோல் கடினமானது. ஊன்றுவதற்கு முன் ஓரிரவு தண்ணீரில் ஊறவைக்க மறவாதீர்கள்.